சட்டென்று நின்றவர்கள்

மார்ச் 3, திங்கள்

உறுதியான செய்தி: 39,600 பேருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்து 4,318 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆதாரம்: அலுவலகச் சுவரில் இருக்கும் எண் பலகை, காலை 9.10.

இருபத்தாறு வருடம் செய்தித்தாளில் இருந்தவளுக்கு நாட்குறிப்பும் இப்படித்தான் எழுத வருகிறது. முதலில் என்ன தெரியும், யார் சொன்னது. மற்றதெல்லாம் அப்புறம். பத்திரிகை மூடி மூன்று வருடமாகிறது. இப்போது மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு கைபேசிச் செயலிக்கு ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கிறேன். எந்த விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்கள் ஏழாம் நாள் இருந்தார்களா, முப்பதாம் நாள் இருந்தார்களா என்று எண்களைப் படிப்பது, படித்ததை வைத்து அடுத்த வாக்கியத்தை எழுதுவது. இதுதான் வேலை.

போன மாதம் ஒரு யோசனை சொன்னேன். புது ஆளைத் தேடி அலைவதை விட, போனவரைக் கூப்பிடுவது எளிது. ஆனால் போன எல்லாரையும் கூப்பிடக் கூடாது. பத்து நாளில் சலித்துப் போனவர் வரமாட்டார். அறுபது நாளுக்கு மேல் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரையைக் குறித்துவந்து, ஒரு நாள் திடீரென்று செயலியை எடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் நம் ஆட்கள். சரிவே இல்லை. கோடு நேராகப் போய் அறுந்து நிற்கிறது. பட்டியலுக்கு நானே பெயர் வைத்தேன்: 'சட்டென்று நின்றவர்கள்'. காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'புது கைபேசி வாங்கியிருக்கலாம்'.

மூன்று வாக்கியங்களைச் சிறு குழுக்களிடம் முதலில் சோதித்தோம். 'புதிய வசதிகள் வந்துவிட்டன' என்பதற்கு நூற்றுக்கு ஒருவர் வந்தார். 'உடல்நலம் முக்கியம்' என்பதற்கு அதுவும் இல்லை. நான் எழுதியது இது: 'ஒருவருக்காக இதைத் தொடங்கினீர்கள். அவருக்கு நீங்கள் இன்னும் தேவை.' நூற்றுக்குப் பதினொருவர். அதைத்தான் முந்தாநாள் காலை எல்லாருக்கும் அனுப்பினோம்.

எங்கள் பிரிவுத் தலைவருக்குச் சதவீதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் "எண்பது சதவீதம்" என்பார். இன்று பலகை முன்னால் நின்று கை தட்டினார். "மேடம், ஒரே வாக்கியத்துல பத்து மடங்கு! பதினேழாம் தேதி ஒண்ணே கால் லட்சம் பேருக்கு விடறோம்." திரும்பி வந்தவர்களின் பட்டியலை விளம்பர நிறுவனத்துக்கும் கொடுக்கிறார்கள். 'இவர்களைப் போல இருப்பவர்களைத் தேடிக் கொடு' என்று கேட்டால் அவர்களுடைய இயந்திரம் தேடித் தருமாம்.

நல்ல நாள். ஒன்று மட்டும்: அண்ணன் நேற்றுக் கூப்பிடவில்லை. ஞாயிறு பதினொரு மணிக்கு அவர் கூப்பிடாமல் இருந்ததில்லை. அக்டோபரில் அண்ணி இறந்த வாரம்கூடக் கூப்பிட்டு, "பாப்பா, சாப்பிட்டியா?" என்றார். ஐம்பத்து நாலு வயதிலும் அவருக்கு நான் பாப்பா.

மார்ச் 4, செவ்வாய்

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக், எங்காவது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருப்பார்.

மார்ச் 6, வியாழன்

கிடங்கு என் மேசைக்கு வந்தாள். எல்லாத் தகவலும் சேர்ந்து கிடக்கும் இடத்துக்குப் பொறுப்பான பொறியாளர், அதனால் அந்தப் பெயர். முப்பது வயது. நாக்கில் ஊசி வைத்திருப்பவள்.

"அக்கா, உங்க நாலாயிரம் பேரும் தங்க வந்தவங்க மாதிரி தெரியலை. எதையோ மறந்து வெச்சுட்டுப் போனவங்க மாதிரி இருக்காங்க. வராங்க, ஒரு அறைக்குள்ள போறாங்க, வெளிய போயிடறாங்க."

"எந்த அறை?"

"குரல் பக்கம்."

எங்கள் செயலியில் மணி ஒலிக்குப் பதிலாக வீட்டு ஆட்களின் குரலைப் பதிந்து வைக்கலாம். அந்தந்த வேளைக்கு அந்தக் குரல் கூப்பிடும். திரும்பி வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் நேராக அங்கே போயிருக்கிறார்கள். யாரும் புதிதாக ஒரு மாத்திரையும் சேர்க்கவில்லை. பெரும்பாலோர் அன்றே செயலியை எடுத்துவிட்டார்கள். எடுத்த நேரத்தைக் கிடங்கு வரைபடமாகப் போட்டிருந்தாள். நாள் முழுக்கத் தரையோடு படுத்திருக்கும் கோடு காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு ஒன்பதுக்கு மட்டும் கம்பமாக எழுந்து நிற்கிறது.

"பள்ளிக்கூட மணி அடிச்ச மாதிரி கலையறாங்க பாருங்க."

சதவீதத்திடம் காட்டினேன். "வந்தாங்களா இல்லையா? வந்தாங்க. தங்கறது அடுத்த பிரிவோட தலைவலி மேடம்."

எட்டு, இரண்டு, ஒன்பது. எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் இன்றும் எடுக்கவில்லை. ஞாயிறு நேரில் போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

கதவு திறந்திருந்தது. உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் எங்கள் பழைய பத்திரிகையை விரித்து, அதன்மேல் ஒரு லிஃப்ட் கதவுச் சக்கரத்தை வைத்து மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீ போடவா அண்ணா?"

"போட்டுக்க."

போட்டுக்க. ஒரு கோப்பை டீ மட்டும் போட்டேன்.

நான் குடித்து முடிக்கும்வரை சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை என் பக்கம் தள்ளினார். திரையில் என் இரண்டு வரி.

"நீ எழுதினதுதானே?"

"எப்படித் தெரியும்?"

"இருபத்தாறு வருஷம் உன் பேப்பரைப் படிச்சவன் நான். சின்னதா ரெண்டு வரி. ரெண்டாவது வரியில ஒரு குத்து. வேற யாரு?"

அந்தச் செயலியை அண்ணிக்காக அண்ணனுடைய கைபேசியில் போட்டுக் கொடுத்தவளே நான்தான். எட்டு மாதம் ஒரு வேளைகூடத் தவறாமல் குறித்தார். அண்ணி இறந்த மூன்றாம் நாள் எடுத்துவிட்டார். சரிவே இல்லை. கோடு நேராகப் போய்—

எனக்கு ஏன் தோன்றவில்லை?

"பட்டியல்ல வெறும் நம்பர்தான் அண்ணா இருந்துச்சு. பேரு இல்ல."

"பேரு இல்லைன்னா ஆளும் இல்லையா?"

பிறகு அவரே சொன்னார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அது வந்திருக்கிறது. "தேவைன்னு போட்டிருந்துச்சா… ஒரு நிமிஷம் மண்டை ஓடலை. சரின்னு திரும்பப் போட்டேன். அவ குரல் அப்படியே இருந்துச்சு. கேட்டேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. கேட்டுட்டு, பின்னாடி குழாய் சொட்டிக்கிட்டு இருந்ததே, அதைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு மணிக்கு அது தானா கூப்பிட்டுச்சு."

செயலியைத் திரும்பப் போட்டால் பழைய வேளைகளெல்லாம் தாமாக உயிர் பெறும். போட்டவருக்கு அது தெரியாது.

அண்ணி கால்நடை மருத்துவமனையில் எழுத்தராக இருந்தவர். வரிசையில் நிற்பவர்களை "அடுத்த மாடு வரலாம்" என்று கூப்பிடுவார். மாட்டுக்காரர்களே சிரித்துக்கொண்டு போவார்கள். நோயில் படுத்த பிறகு அவர் பதிந்து வைத்தது: 'ஏங்க, மணி ரெண்டு. அடுத்த மாடு காத்துக்கிட்டிருக்கு.'

"தண்ணி டம்ளரை எடுத்துக்கிட்டு ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன்" என்றார். "கட்டிலைப் பார்த்த அப்புறம்தான்—"

மறுபடியும் சக்கரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எட்டு, இரண்டு, ஒன்பது. பஸ்ஸில் கேள்விக்குறியை அடித்தேன்.

கிளம்பும்போது "பார்த்துப் போ" என்றார். ஒரு தடவைகூடப் பாப்பா என்று கூப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

'புது கைபேசி வாங்கியிருக்கலாம்.' யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பத்திரிகையில் இருந்தபோது இப்படி ஆதாரமில்லாமல் ஒரு வரி கொண்டுவந்த நிருபரை நானே எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்? எண் இருந்தது, வரைபடம் இருந்தது, ஆகவே ஆளிடம் கேட்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். போலீஸ்காரர் சொன்ன தகவலைக்கூட மூன்று முறை கூப்பிட்டு உறுதி செய்தவள்.

யாருக்குச் செய்தி அனுப்பினோமோ அவர்களைக் கருத்துக் கேட்க அழைக்கலாம் என்று அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. இதுவரை யாரும் அழைத்ததில்லை. இன்று பட்டியலில் கண்ணை மூடி இருபது பேரைத் தொட்டு, அழைத்தேன். பதினாலு பேர் எடுத்தார்கள். புது கைபேசி: ஒருவர். குணமாகி மாத்திரை நின்றவர்: இருவர். மீதிப் பதினொரு வீட்டிலும் இறப்பு.

ஒரு வேன் டிரைவர்: "யாருக்கு நான் தேவைன்னு போட்டிருந்தீங்க மேடம்? பேரைச் சொல்லுங்க, போய்ப் பாக்கறேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு தையற்காரம்மா: "எங்க வீட்டுக்காரர் செத்து ரெண்டு மாசம் ஆச்சு. உங்க மெசேஜைப் பார்த்து என் பையன் இன்னும் என்கூடப் பேசலை. நான்தான் உங்ககிட்ட அவர் இன்னும் உயிரோட இருக்கார்னு சொல்லி வெச்சிருக்கேன்னு நினைக்கறான்."

ஒரு கடைக்காரர் மட்டும் நன்றி சொன்னார். "நீங்க அனுப்பலேன்னா எங்க அக்கா குரல் இதுல இருக்குன்னே ஞாபகம் வந்திருக்காதும்மா. அதை எப்படித் தனியா எடுத்து வெச்சுக்கறது?" தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்த ஒருவரை வைத்துக்கொண்டு மனதைத் தேற்றப் பார்க்கிறேனா? ஆமாம்.

மார்ச் 11, செவ்வாய்

இன்னும் மோசம்.

கிடங்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊசி இல்லை இன்று. "அக்கா, திரும்பி வந்தவங்கள்ல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு பேர் ஆப்பை மட்டும் எடுக்கலை. கணக்கையே நீக்கிட்டாங்க."

"ஏன்?"

"மெசேஜுக்கு அடியில போட்டிருந்தோமே. 'இனி செய்திகள் வேண்டாம் என்றால் கணக்கை நீக்கவும்'னு."

கணக்கை நீக்கினால் முப்பதாம் நாள் எல்லாம் தானாக அழியும். குரலும். முதலில் நீக்கியவர்கள் மார்ச் ஒன்றாம் தேதிக்காரர்கள். அவர்களுடையது 31 மாலை ஆறு மணிக்குப் போகும்.

அதாவது என் வாக்கியம் போகாமல் இருந்திருந்தால் அந்தக் குரல்கள் அங்கேயே யாருக்கும் தொல்லை தராமல் கிடந்திருக்கும். கூப்பிட்டு, கேட்க வைத்து, அழிக்கவும் வைத்தது நான்.

பட்டியலில் அண்ணனுடைய வரியைக் கிடங்கிடம் பார்க்கச் சொன்னேன். நீக்கிய நேரம்: மார்ச் 1, பிற்பகல் 2.03.

மார்ச் 13, வியாழன்

சதவீதத்தோடு ஒரு மணி நேரம்.

"பதினாலு பேர் சாம்பிளா மேடம்? பதினாலு பேரை வெச்சு நான் ஒண்ணே கால் லட்சத்தை நிறுத்தணுமா?"

அவரிடம் வருத்தத்தை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று தெரியும். எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தவர்களில் ஏழாம் நாள் இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். நீக்கிய நேரம் எட்டு, இரண்டு, ஒன்பது. திரும்ப நிறுவியதிலிருந்து அடுத்த மாத்திரை வேளை வரை, அவ்வளவுதான் ஆயுள். நாம் சேர்த்தது பயனர்களை அல்ல, தண்ணீர் டம்ளரோடு ஆள் நின்ற 4,318 வாசற்படிகளை.

வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "பட்டியல் போடறப்பவே இதைக் கேட்டிருக்கலாமே மேடம்" என்றார்.

கேட்டிருக்கலாம்.

பதினேழாம் தேதி அனுப்புவதை நிறுத்திவிட்டார். விளம்பர நிறுவனத்துக்குப் போன பட்டியல்தான் பாக்கி. 'இவர்களைப் போல' என்று தேடி அந்த இயந்திரம் ஏற்கெனவே அறுநூறு புது ஆட்களைக் கொண்டுவந்துவிட்டது. எல்லாரும் ஒரு வேளைகூடத் தவறாமல் குறிக்கிறார்கள். படுக்கையில் ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளைத் தேடிப் பிடித்திருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் இப்போது புரிகிறது.

"ஆனா அவங்களுக்கு ஆப் உதவும்தானே மேடம்?" சதவீதம் மெதுவாகக் கேட்டார். உதவும். அண்ணிக்கும் உதவியது. அந்தத் தேடலையும் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். நான் சொன்னது சரியா? இன்னும் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பலகையில் கோடு இறங்குகிறது. யாரும் கை தட்டவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சட்ட ஆலோசகர் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறவர். கண்ணாடி போட்டால் படிப்பார், கழற்றினால் மறுப்பார்.

அழிப்பதைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். கழற்றினார். "அழிக்கச் சொல்லி அவங்களே கேட்டிருக்காங்க. முப்பது நாளுக்கு மேல ஒரு மணி நேரம் வெச்சிருந்தாலும் தப்பு."

"அப்ப, நகல் வேணுமான்னு கேட்டு ஒரு செய்தி அனுப்பலாமா?"

"இனிமே செய்தியே வேண்டாம்னுதானே நீக்கினாங்க?"

கிடங்கு குறுக்கே புகுந்தாள். "சார், வீட்டுக்குள்ள போக வழி இல்லைன்னா ஜன்னலாவது காட்டுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதியைப் படித்தார். அழிப்பதற்கு முன் எது, எப்போது அழியும் என்று ஒரே ஒருமுறை தெரிவிப்பது எங்கள் கடமையாம். அதில் நகல் பெறும் வழியைச் சொல்லலாம். விளம்பரமாக ஒரு சொல் இருக்கக் கூடாது.

எழுதும் வேலை எனக்கு.

மார்ச் 20, வியாழன்

மூன்று நாளில் எழுதியது இவ்வளவு:

'உங்கள் கணக்கில் உள்ள குரல் பதிவுகள் மார்ச் 31, மாலை 6 மணி முதல் அழிக்கப்படும். நகல் வேண்டுமென்றால் அதற்குள் வேண்டும் என்று பதில் அனுப்பவும். வேண்டாமென்றால் எதுவும் செய்யத் தேவையில்லை.'

சதவீதம் இரண்டு முறை படித்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே மேடம்."

"ஆமா சார். ஒண்ணும் இருக்கக் கூடாது."

"எத்தனை சதவீதம் வரும்னு நினைக்கறீங்க?"

"நினைக்கலை சார்."

முதல் தடவையாக அவர் எண் எதுவும் சொல்லாமல் போனார்.

மார்ச் 24, திங்கள்

காலை 11 மணிக்குப் போய்விட்டது. 1,906 பேருக்கு. எட்டு வேண்டாம், இரண்டு வேண்டாம், ஒன்பது வேண்டாம் என்று நான் கேட்டிருந்தேன்.

இனி எந்தப் பட்டியலானாலும் அனுப்புவதற்கு முன் இருபது பேரிடம் பேசியாக வேண்டும் என்று பிரிவில் ஒரு விதி வந்திருக்கிறது. 'காரணம்' கட்டத்துக்குப் பக்கத்தில் கிடங்கு புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறாள்: 'யார் சொன்னது?' அது எனக்கான குத்தா, மரியாதையா? கேட்டேன். "ரெண்டும்தான்க்கா. பாதிப் பாதி."

மார்ச் 27, வியாழன்

பதில்: 1,140 பேர் வேண்டும் என்கிறார்கள். ஆதாரம்: கிடங்கின் பட்டியல், மாலை 4 மணி. முப்பத்தேழு பேர் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் 'வேண்டும்' என்று எழுதி, அடுத்த நிமிடம் 'வேண்டாம்' என்று எழுதி, அடுத்த நிமிடம் மறுபடி 'வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். கடைசிச் சொல்லை எடுத்துக்கொள்வது என்று முடிவு. நன்றி சொன்ன கடைக்காரர் கணக்கை நீக்கவில்லை. இருந்தாலும் கூப்பிட்டு வழி சொன்னேன். அவருடைய அக்கா குரல் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அண்ணனின் வரியில்: பதில் இல்லை.

கிடங்கு பார்த்துவிட்டாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, அண்ணியோடதை மட்டும் நான் ஓரமா எடுத்து வெச்சுடறேன். ரெண்டு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது" என்றாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"வேண்டாம்மா. எதுவும் செய்யத் தேவையில்லைன்னு எழுதியிருக்கேன். செய்யாம இருக்கறதும் அவர் சொல்ற பதில்தான்."

"அவர் பிறகு கேட்டா?"

"கேட்டா, இல்லைன்னு நானே சொல்வேன்."

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வார்த்தை வருகிறது. குரல் முழுசாக வரவில்லை. ஐந்து மாதத்திலேயே இப்படியா?

மார்ச் 28, வெள்ளி

சதவீதம் கூப்பிட்டார். மூன்று மாத இலக்கில் பாதிதான் எட்டியிருக்கிறோமாம். நிறுத்தியது நானா என்று மேலிடத்தில் கேட்டார்களாம். "நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

உறுதியானவை: பதில் அனுப்பியவர்கள் 1,203. அத்தனை பேருக்கும் நகல் போய்விட்டது. ஆதாரம்: கிடங்கு, காலை 10 மணி, அவளுடைய வீட்டிலிருந்து. விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறாள்.

11.04க்கு என் கைபேசி அடித்தது. அண்ணன்.

"என்ன பண்றே?"

"சும்மாதான் இருக்கேன்."

பத்து நிமிடம் ஒரு லிஃப்டைப் பற்றிப் பேசினார். எட்டு மாடிக் கட்டடம், நாலாவது மாடியில் மட்டும் கதவு திறந்த உடனே மூடிக்கொள்ளுமாம். மூன்று மெக்கானிக் பார்த்தும் பிடிபடாததை இவர் பிடித்தாராம். "கதவுல கோளாறே இல்ல. உள்ள இருக்கறவங்க வெளிய கால் வைக்கறதுக்கு முன்னாடியே அது மூடற மாதிரி யாரோ நேரத்தைக் குறைச்சு வெச்சுட்டாங்க. கொஞ்சம் கூட்டி வெச்சேன், சரியாயிடுச்சு."

"ம்."

"நாளைக்கு எத்தனை மணி வரைக்கும்?"

"சாயங்காலம் ஆறு."

"ஆறா."

பின்னால் குழாய் சொட்டும் சத்தம் கேட்கவில்லை. சரி செய்துவிட்டார் போலிருக்கிறது.

"நான் எதுவும் சொல்லலை அண்ணா. உங்க இஷ்டம்."

"நீ சொல்லாதே. நீ சொன்னா ரெண்டாவது வரி குத்தும்." சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு, "இந்தத் தடவை வந்ததும் நீ எழுதினதா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அதான் பார்த்தேன். உன்னுது மாதிரியே இல்ல." அப்புறம், "சாப்பிட்டியா பாப்பா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

நிலுவையில் இருப்பது: ஒரே ஒரு வரி, அண்ணனுடையது. தெரியவரும் நேரம்: நாளை, திங்கள், மாலை ஆறு மணி.